ஆவியும் அடிமைத்தனமும்



 

‘வேப்’ என்று வழங்கும் மின் சிகரெட்டைக் குறித்து நம்மிடம் பேச வரும் வாலிபர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “இதில் நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, புகையிலைத் தூளும் இல்லை. வருவது வெறும் ஆவிதான். சிகரெட்டுக்குச் சொன்ன சட்டத்தை இதற்கு எப்படிப் பொருத்துகிறீர்கள்?” என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். அதை அதட்டி அடக்குவது ஆலிம்களுக்கும் அழகன்று, பெற்றோர்களுக்கும் அழகன்று. ஆகவே நுரையீரல் கெடுமா, இருதயம் கெடுமா என்ற வாதங்களை இன்று ஒரு புறம் வைத்துவிட்டு, அந்த ஆவியில் கலந்து உள்ளே செல்லும் நிக்கோட்டின் என்னும் வஸ்து மனிதனை எவ்வாறு அடிமை கொள்கிறது என்ற விஷயத்தை மாத்திரம் எடுத்துக் கொள்வோம்.

அடிமை என்னும் சொல்லை நாம் அலட்சியமாக உபயோகிக்கிறோம். தேநீருக்கு அடிமை என்கிறோம், சினிமாவுக்கு அடிமை என்கிறோம். ஆனால் ஒரு முஸ்லிமுக்கு அது லேசான சொல் அன்று. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான், அப்துல் காதர் என்றெல்லாம் பிள்ளைகளுக்குப் பெயரிடுகிறோமே, அவற்றின் பொருள் என்ன? அல்லாஹ்வின் அடிமை, அருளாளனின் அடிமை, வல்லமையுடையவனின் அடிமை என்பதன்றோ? காதில் பாங்கு சொல்லி வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சுமந்த பிள்ளை, பேனாவைப் போன்ற ஒரு குழாய் கூப்பிட்ட நேரமெல்லாம் வகுப்பை விட்டு எழுந்து கழிப்பறைக்கு ஓடுகிறான் என்றால், அவனுக்கு எஜமான் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மேனாட்டு வைத்தியர்களும் இச்சொல்லை எளிதில் உபயோகித்துவிடவில்லை. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அதிகாரி வெளியிட்ட பெயர் பெற்ற அறிக்கை, ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரச் சிகரெட் காரணம் என்று துணிந்து சொல்லிற்று. ஆனால் அதை விட முடியாத நிலையைப் ‘பழக்கம்’ என்ற அளவிலேயே நிறுத்திக் கொண்டது. 24 ஆண்டுகள் கழிந்து, 1988-ல் அதே பதவியிலிருந்து வந்த அறிக்கைதான், இது அடிமைத்தனமே, அதற்குக் காரணம் நிக்கோட்டினே என்று ஐயமறக் கூறியது. அதற்குப் பிறகும், 1994-ல், ஏழு பெரிய புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் அந்நாட்டுக் காங்கிரஸின் கமிட்டி முன்பு வரிசையாக நின்று, நிக்கோட்டின் மனிதனை அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என வாக்குமூலம் கொடுத்தார்கள். சத்தியப் பிரமாணம் எடுத்துக் கொண்டு சொன்னார்கள் என்பதைக் கவனிக்கவும். வியாபாரத்திற்காகச் செய்யப்படும் சத்தியத்தைப் பற்றி நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரித்திருக்கிறது என்பது நம் கடைக்காரச் சகோதரர்களுக்குத் தெரியாததல்ல.

இனி அந்த வஸ்து வேலை செய்யும் விதத்தைக் காண்போம். நம் மூளையில் அசிட்டைல்கோலின் என்னும் ரசாயனம் வந்து பொருந்துவதற்கென்று இறைவன் அமைத்த வாயில்கள் உண்டு. நிக்கோட்டின் அதே சாவியின் உருவத்தில் வந்து அவ்வாயில்களைத் திறந்துவிடுகிறது. திறந்ததும் டோபமைன் என்ற மற்றொரு ரசாயனம் சுரக்கிறது. ‘இது நன்று, மறுபடியும் செய்’ என்று மனம் குறித்து வைத்துக் கொள்கிறது. பசித்தவனை உணவை நோக்கிச் செலுத்துவதற்கென்று ரப்பு நமக்குள் வைத்த ஏற்பாடு அது. அந்நியச் சாவி ஒன்று அவ்வாயில்களை ஓயாமல் திறந்து கொண்டிருந்தால் மூளை என்ன செய்கிறதென்றால், வாயில்களின் எண்ணிக்கையையே பெருக்கிவிடுகிறது. பிறகு சாவி வராத வேளையில் அத்தனை வாயில்களும் திறப்பாரின்றிக் கிடக்கின்றன. எரிச்சல், படபடப்பு, கவனம் நில்லாமை, தூக்கமின்மை ஆகியவை அப்பொழுதுதான் தலைகாட்டுகின்றன.

இவ்விடத்தில் முக்கியமாக விளங்கிக் கொள்ள வேண்டியது, வஸ்து ஒன்றேயானாலும் அது உள்ளே போகும் வழியைப் பொறுத்து அதன் பிடி மாறும் என்பதாகும். சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்கு இதே நிக்கோட்டினை வைத்தியர்கள் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுக்கிறார்கள். அது தோலின் வழியே மெள்ள மெள்ள இரத்தத்தில் ஏறி உச்சத்தை அடையச் சில மணி நேரமாகும். அந்தப் பட்டைக்கு அடிமையானவரைக் காண்பது மிக அரிது. ஆனால் மூச்சோடு இழுக்கும்போது, நுரையீரலிலிருந்து இருதயத்திற்கும், இருதயத்திலிருந்து மூளைக்கும் அது போய்ச் சேர 10 முதல் 20 விநாடிகளே போதும். இழுத்ததற்கும் இன்பத்திற்கும் இடையிலுள்ள நேரம் எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு இறுக்கமாக மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. புகையானாலும் ஆவியானாலும் மூச்சின் பாதை ஒன்றுதான். (வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் பெரியவர்கள் இதைப் படித்துத் திருப்திப்பட வேண்டாம். அவ்வழி மெதுவானதாயினும் அதுவும் அடிமை கொள்ளும் வழியே. வாய்ப் புற்றுநோய்க்கு அது கொடுத்த ஆட்களை நம் மையவாடிகள் அறியும்.)

‘வெறும் ஆவி’ என்ற வாதத்திற்கு வருவோம். நிக்கோட்டினை அதன் இயல்பான உருவத்தில் அதிகமாக இழுத்தால் தொண்டை எரியும், இருமல் வரும். முதல் சிகரெட்டில் இருமாத பிள்ளை அபூர்வம். அந்த இருமலோடு அதை எறிந்துவிட்டுப் பிழைத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். அது நம் உடலின் வாசலில் படைத்தவன் நிறுத்தி வைத்த காவல்காரன். 2003-ல் சீன தேசத்து மருந்தாளர் ஹான் லிக் என்பவர் இன்றைய மின் சிகரெட்டுக்கு முன்னோடியான கருவியை அமைத்தபோதும், அதன் பின் வந்த ஆரம்பக் கருவிகளிலும், இந்தக் காவல்காரன் ஓரளவு விழித்துக் கொண்டுதான் இருந்தான்; அவை கொடுத்த நிக்கோட்டினும் குறைவு. 2015-ல் அமெரிக்கச் சந்தைக்கு ‘ஜூல்’ என்னும் கருவி வந்தது. நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக மாற்றினார்கள். எரிச்சல் அடங்கிற்று. எரிச்சல் அடங்கவே, அளவைக் கூட்டவும் வழி பிறந்தது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்க, இது அதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. விரல் நுனியளவுள்ள ஒரு குப்பியில் ஏறக்குறைய ஒரு பெட்டிச் சிகரெட்டின் நிக்கோட்டின். அதற்கு மேல் மாம்பழ வாசனை, புதினா வாசனை!

காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, “பாருங்கள், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, எவ்வளவு பத்திரமாக இருக்கிறது!” என்று சொல்வதை ஒக்கும் அந்த ‘வெறும் ஆவி’ வாதம். தொண்டையில் எரியாததால் தீங்கில்லை என்று பிள்ளை நினைக்கிறான். உண்மையில் எரியாததினாலேயே அவன் அதிகமாக இழுக்கிறான். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின் சிகரெட் உபயோகித்தவர்கள் 2017-ல் நூற்றுக்கு 11.7 பேர், 2019-ல் 27.5 பேர். இரண்டே வருஷங்களில்! சட்டமும் பள்ளிக்கூடங்களும் பெற்றோரும் விழித்துக் கொண்ட பின், 2024-ல் அது 7.8 ஆக இறங்கிற்று. இறங்கிற்று என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். நம்பிக்கை இழப்பது நம் மார்க்கத்திற்கு ஒவ்வாது.

மற்றுமொரு வேற்றுமை இருக்கிறது. சிகரெட்டுக்கு முடிவு உண்டு. பத்துப் பன்னிரண்டு இழுப்பில் நெருப்பு விரலைச் சுடும், துண்டை எறிந்தாக வேண்டும். அடுத்ததைப் பற்ற வைக்க வெளியே போக வேண்டும், தீப்பெட்டி வேண்டும், வாடையை மறைக்க வேண்டும். ஆவிக் கருவிக்கு முடிவே இல்லை. ஆயிரக்கணக்கான இழுப்புகள் வரும் என்று உறையிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். போர்வைக்குள் ஓர் இழுப்பு, பேருந்தில் ஓர் இழுப்பு, பாடப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் முன் ஓர் இழுப்பு. எத்தனை இழுத்தாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. நிக்கோட்டின் உடலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் தன்மையுடையது. இடைவிடாமல் இழுப்பவனுடைய மூளை அந்தக் குறைவைப் பொறுத்துக் கொள்ளும் பழக்கத்தையே இழந்துவிடுகிறது. அதிலும் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையின் மூளை இன்னும் வளர்ந்து முடியாத மூளை. இருபத்தைந்து வயது வரையிலும் அது வளர்ந்து கொண்டிருக்கிறது. தினந்தோறும் உபயோகிக்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே சில பிள்ளைகளிடம் அடிமைத்தனத்தின் அடையாளங்கள் தோன்றிவிடுவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

“மனக் கஷ்டத்திற்கு இழுக்கிறேன், இழுத்தால் நிம்மதியாயிருக்கிறது” என்று சொல்லும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நிம்மதி வரத்தான் செய்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. வட்டிக்குக் கடன் கொடுப்பவனை நம்மவர்கள் இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். முதல் கடனின் வட்டியைக் கட்ட முடியாமல் தவிக்கும்போது, அவனே வந்து, “கவலைப்படாதே, வட்டியைக் கட்ட நானே இன்னொரு கடன் தருகிறேன்” என்பான். வாங்கிக் கட்டியதும் அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும். உபகாரம் செய்தவன் என்று அவனைப் புகழவும் தோன்றும். நிக்கோட்டின் தரும் நிம்மதியில் பெரும்பங்கு இவ்வகைப்பட்டதே. முந்திய இழுப்பு உண்டாக்கிய தவிப்பை அடுத்த இழுப்பு தணிக்கிறது. தணித்துக் கொண்டே கடனை ஏற்றுகிறது. வட்டியை இறைவன் ஏன் அவ்வளவு கடுமையாக விலக்கினான் என்பதை வியாபாரிகளாகிய நாம் அனுபவத்தில் அறிவோம். பிள்ளைக்கு இந்த உவமையைச் சொல்லிப் பாருங்கள், விளங்கிக் கொள்வான்.

ஒருவன் எவ்வளவு தூரம் அடிமைப்பட்டிருக்கிறான் என்று அறிய வைத்தியர்கள் கேட்கும் கேள்விகளில் முதன்மையானது ஒன்று உண்டு. “படுக்கையை விட்டு எழுந்து எத்தனை நேரத்திற்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்?” ஐந்து நிமிஷத்திற்குள் என்றால் பிடி மிக இறுகிவிட்டது என்று பொருள். இரவெல்லாம் தூங்கியதில் நிக்கோட்டின் இறங்கிவிட, எஜமானன் விடியற்காலையில் வாடகை கேட்டு வாசலில் நிற்கிறான். வேப் உபயோகிப்பவனிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். பலர் தலையணைக்கு அடியிலேயே அதை வைத்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் துயில் நீங்கி எழுந்ததும் மிஸ்வாக்கினால் வாயைச் சுத்தம் செய்வது வழக்கம் என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்கு வந்திருக்கிறது. எழுந்ததும் வாய்க்குப் போகும் முதல் பொருள் எது என்பதில் இவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது, சகோதரர்களே!

எதிர்த் தரப்பின் பேச்சையும் மறைக்காமல் எடுத்துச் சொல்வது நம் கடமை. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகத்தார் 2018-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை, மின் சிகரெட்டினால் அடிமைத்தனம் உண்டாவதற்குத் தக்க சான்று இருக்கிறதென்றும், ஆயினும் அது எரியும் சிகரெட்டினால் உண்டாவதை விடக் குறைவாக இருக்கலாமென்றும் கூறிற்று. முப்பது வருஷம் சிகரெட் குடித்தவர்கள் அதை விட்டொழிக்க நிக்கோட்டின் ஆவி துணை செய்கிறது என்று காட்டும் ஆராய்ச்சிகளும் இருக்கின்றன. நாம் இவற்றை மறுக்கவில்லை. ஆனால் மூழ்குகிறவனுக்கு எறியும் கட்டையைக் கரையில் விளையாடும் பிள்ளையின் கழுத்தில் கட்டலாமா? அதே அறிக்கை, வேப் உபயோகிக்கும் இளம் பிராயத்தினர் பின்னர் சிகரெட்டையும் தொடும் அபாயம் அதிகரிக்கிறதென்றும் சொல்லியிருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சிகரெட்டை விடுவதற்காக ஆவியை நாடியவர்கள் அல்லர். அவர்களுக்கு ஆவியே ஆரம்பம். ஒருபோதும் புகைத்திராதவனுக்குக் ‘குறைந்த அடிமைத்தனம்’ என்று ஒரு சலுகையை எந்த வைத்தியரும் சொல்லவில்லை.

இந்நாட்டு விவகாரம் நமக்கு நெருங்கியது. மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 1995-ல் புகைப்பதையும், 2015-ல் வேப்பையும் தீங்கின் காரணமாக ஹராம் என்று தீர்மானித்தது. தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக் கொள்ளக் கூடாதென்று அல்பகரா அத்தியாயத்தில் இறைவன் தடுத்திருப்பதை ஆலிம்கள் இவ்விஷயத்தில் ஆதாரமாக எடுத்துக் காட்டுகிறார்கள். ஃபத்வா இருந்தும் பிள்ளைகள் பெருகினார்கள். அரசாங்கம் எடுத்த கணக்கின்படி 13 முதல் 17 வயதுடைய பிள்ளைகளில் மின் சிகரெட் உபயோகித்தவர்கள் 2017-ல் நூற்றுக்கு 9.8 பேர், 2022-ல் 14.9 பேர். இதற்கிடையே, 2023 ஏப்ரல் முதல் நிக்கோட்டின் திரவத்தை 1952-ஆம் ஆண்டு விஷச் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கி, அதன் மீது வரி விதித்தார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாதென்ற புதிய சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ல். இடையில் கழிந்த அந்தப் பதினெட்டு மாதங்களில், இதைச் சிறுவனுக்கு விற்ற கடைக்காரனைத் தடுக்க நாட்டின் சட்டத்தில் உறுதியான பிடி ஒன்றும் இருக்கவில்லை.

அப்படிப்பட்ட காலத்தில்தான் ஒரு மனிதனின் தக்வா வெளிப்படும். சட்டம் கண்ணை மூடிக் கொண்டபோதும் அல்லாஹ் பார்த்துக் கொண்டிருந்தான். மளிகைக் கடையிலும் உணவுக் கடையிலும் கல்லாவுக்குப் பின்னால் சிகரெட்டும் பீடியும் அடுக்கி விற்றுப் பழகிய சமுதாயம் நம்முடையது. இதைச் சொல்வதில் வெட்கப்படுவதற்கில்லை, திருத்திக் கொள்வதற்குத்தான் இருக்கிறது. அந்த அலமாரியில் இன்று வேப் குழாய்களையும் அடுக்கியிருக்கும் சகோதரருக்கு நாம் சொல்வது ஒன்றுதான். உம் மகனுக்கு அதைக் கொடுப்பீரா? கொடுக்க மாட்டீர் என்றால், பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மகனுக்கும் சீனர் மகனுக்கும் கொடுத்து வரும் லாபத்தில் ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்க வேண்டாம். வாடகையும் சம்பளமும் ஏறிவிட்டன என்று சொல்வீர், ஏறியிருப்பது மெய்தான். ரிஸ்கு எங்கிருந்து வருகிறது என்பதை நாம் உமக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலோ நிலைமை வேறு. அங்கு 2018 பிப்ரவரி முதல் வேப்பை வைத்திருப்பதும் உபயோகிப்பதுமே குற்றமாக்கப்பட்டது. எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்து கலந்த குப்பிகள் பிடிபட்டதன் பேரில், 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனையை மேலும் கடுமையாக்கினார்கள். அதோடு, தாமாகவே முன்வந்து விடுவதற்கு உதவி கேட்பவர்கள் மீது தண்டனை இல்லை என்றும் அறிவித்தார்கள். இந்த இரண்டாவது அறிவிப்பு முதலாவதை விட நமக்கு முக்கியமானது. ஏனெனில் நம் வீடுகளில் இத்தகைய விஷயம் தெரிய வந்ததும் நடப்பது என்ன? வாப்பா அடிக்கிறார், உம்மா அழுகிறார், “வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்” என்று கதவைச் சாத்துகிறார்கள். பிள்ளை குழாயை வேறிடத்தில் ஒளித்து வைக்கக் கற்றுக் கொள்கிறான். அடியினால் மூளையின் வாயில்கள் குறைவதில்லை.

மதுவை விலக்கிய விதத்தைச் சிந்தித்துப் பாருங்கள். அரபிகளின் நரம்பில் ஊறிப் போயிருந்த பழக்கத்தை அல்லாஹ் ஒரே நாளில் தடுக்கவில்லை. அதில் சிறிது பலன் உண்டாயினும் பாவமே பெரிது என்று முதலில் உணர்த்தினான். போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று பின்னர் நேரத்தைக் குறுக்கினான். உள்ளங்கள் பக்குவப்பட்ட பிறகே முற்றாக விலக்கினான். கடைசிக் கட்டளை வந்த அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடிற்று. முதல் நாளிலேயே மதுவை விடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒருபோதும் விட மாட்டோம் என்றிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிய கருத்தை நாம் கேட்டிருக்கிறோம். மனிதனைப் படைத்தவனுக்கு அவனுடைய அடிமைத்தனத்தின் ஆழமும் தெரியும். மார்க்கம் பூர்த்தியாகிவிட்ட இன்று ஹராமை நாம் தவணை முறையில் ஆக்க முடியாது; ஆனால் விடுகிறவனைக் கை பிடித்து நடத்துவதில் அந்தப் பொறுமையை நாமும் காட்டலாமே!

இதற்கு ரமலானைப் போல் வாய்ப்பான மாதம் கிடையாது. ஸஹரிலிருந்து மஃரிபு வரை பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் நிக்கோட்டின் இன்றி நம் பிள்ளை நோன்பிருக்கிறான். ஷாஃபிஈ மத்ஹபின்படி புகைத்தால் நோன்பு முறியும் என்பதை அவன் அறிவான். அவனால் முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் பேரீத்தம்பழம் தின்ற வாயோடு பள்ளிவாசலின் பின்புறம் போய் அதே குழாயை இழுத்தானானால், பகல் முழுவதும் சம்பாதித்ததை ஒரு நிமிஷத்தில் எஜமானனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த நிமிஷத்தில் அவன் தனியாக இல்லாதபடி பார்த்துக் கொள்வது வாப்பாவின் பொறுப்பு. வாப்பாவே அந்நேரத்தில் சிகரெட்டுடன் வெளியே நிற்பாரானால், அவரிடம் நாம் பேச வேண்டிய பேச்சு வேறு.

விடத் தொடங்கியவனுக்கு முதல் இரண்டு மூன்று நாட்களே மிகக் கடினமானவை. அதன் பின் தவிப்பு குறைந்து, இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்நாட்களில் அவன் எரிந்து விழுவான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவான் அல்லது இரட்டிப்பாகத் தின்பான், இரவில் புரண்டு கொண்டிருப்பான். இதை அதபு கெட்ட நடத்தை என்று எடுத்துக் கொள்ள வேண்டாம். உடல் கடனைத் தீர்க்கிறது. அந்த மூன்று நாட்களில் பரீட்சை மார்க்கைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். மலேசியாவில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், புகைப்பதை நிறுத்துவதற்கான பிரிவைக் கேட்டு விசாரியுங்கள். வயது குறைந்த பிள்ளைக்கு மருந்து எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காமல் வைத்தியரையே கேளுங்கள். ஆசை எழும்பும் வேகம் பெரும்பாலும் சில நிமிஷங்களே நிற்கும்; அந்தச் சில நிமிஷத்திற்குக் கைக்கும் வாய்க்கும் ஒரு வேலை வேண்டியிருக்கிறது. ஒளு எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு மிஸ்வாக் குச்சியை வாங்கிச் சட்டைப் பையில், அந்தக் குழாய் இருந்த அதே பையில், போட்டுக் கொள்ளச் சொல்லுங்கள். இரவில் அவன் தூங்காமலிருந்தால் உம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எதையும் கேட்க வேண்டியதில்லை.